சக்கரப் பேரிங் சத்தம்: ஸ்போர்ட்ஸ் காரில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோடும் சென்னை ரோடும் சேலம் ரோடும் வந்து சேர்கின்றன. எங்கள் பட்டறை அந்தச் சந்திப்புக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தரையை உரசிக்கொண்டு இரண்டு சீட் கார்கள் வரிசையாகப் போகும். அதில் ஒன்றிரண்டு மதியத்துக்குள் எங்கள் வாசலில் வந்து நிற்கும். "அண்ணா, பேரிங் போச்சு, மாத்திடுங்க" என்றுதான் பேச்சே ஆரம்பமாகும். நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்து டயரைத் தடவுவேன். பல பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சக்கரம் உரசாமல் சுழல உள்ளே இருக்கும் குண்டு வளையம்தான் பேரிங். அதை வாங்குவது சுலபம். எந்தச் சக்கரத்தில் போயிருக்கிறது, உண்மையில் பேரிங்தானா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதில் நானே சறுக்கியிருக்கிறேன், கீழே சொல்கிறேன்.

## வண்டியைத் தூக்கும் முன்

இந்தக் கார்களின் வயிற்றுக்கு அடியில் சாதாரண ஜாக்கி நுழையாது. இரண்டு அங்குலப் பலகை இரண்டைப் போட்டு அதன்மேல் வண்டியை ஏற்றி, பிறகு தாழ்வான டிராலி ஜாக்கியைத் தள்ளுங்கள். கம்பெனி குறித்துக் கொடுத்த இடத்தில் மட்டும் தூக்க வேண்டும். அதைத் தாண்டி அரை அடி தள்ளி வைத்தால் தகடு மடங்கும், டிங்கரிங் செலவு பேரிங் செலவைத் தாண்டும். தூக்கியதும் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி எந்தச் சக்கரத்தையும் பிடித்து ஆட்டக் கூடாது.

## அறிகுறி: வேகம் கூடக் கூட ஊளை கூடுகிறது

தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல ஒரு 'ஊம்ம்ம்'. 40இல் லேசாகக் கேட்கும், 80இல் பேச்சை அமுக்கும். வரும் புகாரில் பெரும்பங்கு இதுதான்.

### முதலில் இன்ஜினைக் கழியுங்கள்

காலியான சாலையில் 70, 80க்கு ஏற்றி, நியூட்ரலில் போட்டு உருள விடுங்கள். இன்ஜின் சுற்று இறங்கியதும் சத்தமும் இறங்கினால் அது சக்கரப் பக்கம் இல்லை. சுற்று இறங்கியும் சத்தம் வண்டியின் வேகத்தோடு மட்டும் மெல்லக் குறைந்தால் டயர் அல்லது பேரிங். ஆட்டோமேட்டிக் வண்டியில் ஓடும்போது நியூட்ரலுக்குப் போக வேண்டாம். ஆக்ஸிலேட்டரை விட்டுக் கேட்டாலே ஓரளவு தெரியும்.

### அடுத்து டயர்

காசே செலவாகாத சோதனை, அதனால்தான் யாரும் செய்வதில்லை. காற்றழுத்தத்தைப் பாருங்கள். பிறகு டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னிருந்து பின்னாக ஒரு முறை, பின்னிருந்து முன்னாக ஒரு முறை தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழு, மறுபக்கம் ரம்பம்போலக் கையைக் குத்தினால் அந்த ஊளை டயருடையது. காரணம் பெரும்பாலும் வீல் அலைன்மென்ட். உள்ஓரத்தையும் மறக்காமல் தடவுங்கள். தாழ்ந்த கார்களில் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கும், உள்ஓரம்தான் முதலில் தேயும், அது நின்று பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது.

சாலையும் உதவி செய்யும். புதுத் தார் போட்ட இடத்தில் சத்தம் அடங்கி, கருங்கல் துருத்திக்கொண்டிருக்கும் பழைய தாரில் திரும்பக் கூடுகிறதா? டயர். பேரிங்குக்குத் தார் புதுசா பழசா என்ற வித்தியாசமே கிடையாது.

சின்னக் கார்களில் முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டச் சொல்வோம், சத்தம் இடம் மாறினால் டயர். ஸ்போர்ட்ஸ் காரில் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும். முன்னால் ஓர் அளவு, பின்னால் இன்னும் அகலமாக வேறோர் அளவு. சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இடது வலதும் மாற்றக் கூடாது. அம்பு இல்லாத டயர் என்றால் அதே ஆக்ஸிலில் இடதையும் வலதையும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

### டயர் இல்லை. எந்தச் சக்கரம்?

ஆளில்லாத அகலமான சாலையில் 60இல் போய்க்கொண்டே ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். வண்டி இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரங்களுக்குப் போகும். இடது திருப்பத்தில் ஊளை கூடினால் வலது பக்கத்தைச் சந்தேகப்படுங்கள், வலது திருப்பத்தில் கூடினால் இடது பக்கத்தை. எப்போதும் இப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டு வரிசைக் குண்டு இருக்கும் பேரிங்கில் எந்த வரிசை தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில சமயம் தலைகீழாகவும் பேசும்.

அந்தத் தலைகீழ்ப் பேச்சில்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு வெள்ளை இரண்டு சீட் கார். திருப்பத்தில் கேட்டதை மட்டும் நம்பி, கையால் சுற்றிக்கூடப் பார்க்காமல் முன் இடது பேரிங்கை மாற்றினேன். ஓட்டிக்கொண்டு சூளகிரி வரை போனவர் திரும்பி வந்து சாவியை மேசைமேல் வைத்தார், ஒன்றும் பேசவில்லை. சத்தம் அப்படியே இருந்தது. போயிருந்தது பின் வலது. இறுக்கமான சஸ்பென்ஷனும் கெட்டியான பாடியும் ஒரு மூலைச் சத்தத்தை இன்னொரு மூலைக்குக் கொண்டுபோய்விடும். இரண்டாவது பேரிங்குக்குக் கூலி வாங்கவில்லை.

அதனால் காதை நம்பிப் பேரிங் வாங்காதீர்கள். நான்கு சக்கரத்தையும் தூக்குங்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையின் விரலைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின்மேல் லேசாக வையுங்கள். நல்ல பேரிங்கில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. போன பேரிங்கில் மணலை அரைப்பதுபோல ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாக ஏறி வரும். பிரேக் பேட் உரசும் சத்தம் குழப்பினால் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரைக் கழற்றி, பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்துவிட்டுச் சுற்றுங்கள். மருத்துவர் வைத்திருப்பதுபோல மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் கிடைக்கிறது, அதன் கம்பியை நக்கிளில் (பேரிங்கைத் தாங்கி நிற்கும் உலோகத் துண்டு) வைத்துக் கேட்டால் இன்னும் தெளிவு. ஓடும் இன்ஜினோடு ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுழலவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை, எங்கள் பையன்களையும் செய்ய விடுவதில்லை.

நான்கையும் சுற்றி ஒப்பிட்டும் தெரியவில்லை என்றால் வண்டியை 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். போகிற பேரிங் அதற்குள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆட்டம் இல்லாத ஊளைக்கு இந்த அவகாசம் உண்டு. ஆட்டம் இருந்தால் கிடையாது.

## அறிகுறி: சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12இலும் 6இலும் கை வைத்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். பிறகு 9இலும் 3இலும்.

9-3இல் மட்டும் ஆட்டம் இருந்து 12-6இல் இல்லை என்றால் முன் சக்கரத்தில் ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராட் முனை, பின் சக்கரத்தில் ஏதோ ஒரு சஸ்பென்ஷன் ஆர்மின் ரப்பர் புஷ். பேரிங்கைத் தொட வேண்டாம், இது அதைவிட மலிவான வேலை.

12-6இல் ஆடினால் நக்கிளைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம், பேரிங்காகவும் இருக்கலாம். ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். பிரேக் பிடித்திருக்கும்போது டிஸ்க்கும் நக்கிளும் ஒன்றாகிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் மறைந்துபோகும். மிதித்தும் ஆடினால் பால் ஜாயின்ட், இல்லையென்றால் சஸ்பென்ஷனில் வேறு ஏதாவது. இந்த ஒரே சோதனைக்கு இரண்டு நிமிடம் ஆகாது.

ஆட்டுவதற்கு முன் சக்கர போல்ட் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பஞ்சர் கடையில் இருந்து நேராக வந்த ஒரு வண்டியில் அதுதான் இருந்தது.

லேசான சந்தேகம் என்றால் நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டையல் கேஜை ஹப்பின் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) முகத்தில் வைத்து அளக்கலாம். பல கார்களின் கையேட்டில் அனுமதி 0.05 மில்லிமீட்டர்தான். கைக்குத் தெரிகிற ஆட்டம் என்றால் அது இந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டது. அந்த வண்டியை ஓட்டி வரக் கூடாது, பிளாட்பெட் லாரியில் ஏற்றி வர வேண்டும். தொப்பூர் கணவாய் இறக்கத்தை ஆடும் சக்கரத்தோடு இறங்கி வந்ததாக ஒரு தம்பி பெருமையாகச் சொன்னார். திட்டி அனுப்பினேன்.

## அறிகுறி: ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது

தொப்பூரிலோ ஒகேனக்கல் மலைப்பாதையிலோ இறங்கி வந்ததும் தொட்டுப் பார்க்காதீர்கள். அப்போது நான்கு பிரேக்கும் கொதிக்கும், ஒன்றும் புரியாது. சமதளத்தில் இருபது கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி, தானாக உருண்டு நிற்க விடுங்கள். தூரத்தில் இருந்து அளக்கும் வெப்பமானியால் அதே ஆக்ஸிலின் இடது வலது ஹப்பை ஒப்பிடுங்கள். என் அனுபவத்தில் பத்து டிகிரி வித்தியாசம் ஒன்றுமில்லை. முப்பது என்றால் ஏதோ இருக்கிறது.

அந்த ஏதோ பெரும்பாலும் பிரேக் காலிப்பர். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் கனமாகச் சுற்றுகிறதா? காலிப்பரைக் கழற்றியதும் லேசாகிவிட்டால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ சிக்கியிருக்கிறது. கழற்றிய பிறகும் கனமும் நறநறப்பும் இருந்தால்தான் பேரிங்.

## அறிகுறி: ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறது

ஏ.பி.எஸ். என்பது திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு. புதிய கார்களில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே (தூசி தடுக்கும் மூடி) காந்த வளையம் இருக்கும், வேக சென்சார் அதைத்தான் படிக்கிறது. பேரிங்கில் ஆட்டம் வந்தால் சென்சாருக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள இடைவெளி மாறி, திருப்பங்களில் விளக்கு எரிந்து அணையும். முதலில் சென்சார் பிளக்கையும் ஒயரையும் பாருங்கள், சென்சார் முனையில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளைத் துடையுங்கள். அதுவே போதுமானதாக இருக்கலாம். விளக்கு போகவில்லை என்றால் ஸ்கேனர் வைத்து எந்தச் சக்கரம் என்று பார்த்துவிடுங்கள். ஊகம் வேண்டாம்.

பேரிங் மாற்றிய அன்றே விளக்கு எரிந்தால் பெரும்பாலும் பேரிங்கைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள். காந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். இரண்டு சீலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஒரு ஸ்டேப்ளர் பின்னைக் கிட்டே கொண்டுபோனால் காந்தப் பக்கம் அதை இழுக்கும். கருவிகள் ஒட்டிவைக்கும் காந்தத் தட்டில் மட்டும் இந்தப் பேரிங்கை வைத்துவிடாதீர்கள்.

## அறிகுறி: வளைவு முடிந்ததும் முதல் மிதிக்கு பிரேக் பெடல் ஆழமாகப் போகிறது

இரண்டாவது மிதியில் சரியாகிவிடும். ஆடும் ஹப் டிஸ்க்கைச் சாய்க்க, டிஸ்க் பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. பிரேக் ஆயிலின் அளவும் கசிவும் முதலில் பாருங்கள், பிரேக் லைனில் இருக்கும் காற்றை எடுத்துப் பாருங்கள். இரண்டும் சரி என்றால் மேலே சொன்ன 12-6 சோதனைக்குப் போங்கள்.

## அறிகுறி: முழுக்கத் திருப்பினால் டிக் டிக்

பேரிங் இல்லை. முன் சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போகும் வண்டியில் இது பெரும்பாலும் ஆக்ஸில் ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

## பேரிங்தான் என்று உறுதியானால்

இரண்டு வகை உண்டு. ஹப்போடு சேர்ந்தே வரும் வகையை நக்கிளில் மூன்று நான்கு போல்ட்டால் பூட்டியிருப்பார்கள். துரு பிடித்திருந்தால் ஒழிய, கையில் நல்ல கருவி இருப்பவர் வீட்டு வாசலிலேயே மாற்றலாம். இன்னொன்று நக்கிளுக்குள் அழுத்திச் செருகும் வகை. இதற்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும், அல்லது வண்டியில் இருந்தபடியே திருகி இழுக்கும் புல்லர் செட் வேண்டும். புல்லரில் ஒரு லாபம், நக்கிள் கழற்ற வேண்டாம் என்பதால் அலைன்மென்ட் கலையாது.

ஹப்பின் நடு நட்டைக் கழற்றுவதே பாதி வேலை. பழைய போர்ஷே பாக்ஸ்டரில் (986 மாடல்) அதன் டார்க், அதாவது இறுக்கும் முறுக்கு விசை, 460 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் குழாயின் நுனியில் 47 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். அரை அங்குல ராட்செட் இதற்கு உடையும், முக்கால் அங்குலப் பார் வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே, கியரில் போட்டு, கை பிரேக் இழுத்து, ஒருவர் பிரேக்கை மிதிக்க, நட்டை இளக்கிக்கொள்ளுங்கள்.

ஹப்பை வெளியே இழுத்ததும் பேரிங் இரண்டாகப் பிரிந்து, அதன் உள் வளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் வரும். கிரைண்டரில் அந்த வளையத்தை முக்கால் ஆழம் மட்டும் கீறி, உளி வைத்து ஓர் அடி கொடுத்தால் பிளந்துகொள்ளும். ஹப்பில் கீறல் விழக் கூடாது. இப்படி ஒருமுறை பிரித்த பேரிங்கைத் திரும்பப் பூட்டக் கூடாது, "பரிசோதிக்கத்தான் கழற்றினேன்" என்றாலும் சரி.

புதியது போடும்போது ஒரே விதி. பேரிங்கை நக்கிளுக்குள் தள்ளும்போது அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். ஹப்பைப் பேரிங்குக்குள் தள்ளும்போது உள் வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றி அழுத்தினால் குண்டுகள் வழியாக அழுத்தம் போய், பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். அந்தப் பேரிங் டப்பாவில் இருந்து எடுத்த அரை மணியில் பழசாகிவிட்டது. சுத்தியலைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முந்தின இரவே பேரிங்கை உறையோடு பிரீசரில் வைத்துவிட்டால் சற்றுச் சுருங்கிச் சுலபமாக இறங்கும். எங்கள் வீட்டில் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் பேரிங் இருப்பது இப்போது பழகிவிட்டது, முதல் முறை பெரிய சண்டை. நக்கிளை ஹீட் கன்னால் சூடாக்கலாம். ஸ்போர்ட்ஸ் கார்களில் நக்கிள் பெரும்பாலும் அலுமினியமாக இருக்கும், அதில் கேஸ் வெல்டிங் தீயைக் காட்டவே கூடாது.

லாக் வளையமோ நான்கு போல்ட் தகடோ முழுதாக உட்கார்ந்ததைப் பாருங்கள். நடு நட்டு எப்போதும் புதுசு. சக்கரம் காற்றில் இருக்கும்போதே, பிரேக் மிதித்தபடி முடிந்த மட்டும் இறுக்கி, பிறகு தரையில் இறக்கி டார்க் ரெஞ்சில் கையேட்டின் அளவுக்கு முடியுங்கள். அது முடியாமல் வண்டியை ஓர் அடிகூட உருட்டக் கூடாது. இம்பேக்ட் கன்னால் 'டர்ர்' என்று முடிப்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

### எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும்

பிரஸ் இல்லை, ஆனால் கழற்றத் தெரியும் என்றால் நக்கிளை மட்டும் கழற்றிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் டிராக்டருக்கும் லாரிக்கும் அழுத்திக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. கூடவே நின்று, எந்த வளையத்தில் முட்டு என்று நீங்களே சொல்லுங்கள். லாரிக்காரரின் கைக்கு இந்த அலுமினிய நக்கிள் பொம்மை மாதிரி. பேரிங் சுழன்று நக்கிளின் துளையே தேய்ந்திருந்தாலோ, ஹப்பின் கழுத்தில் பள்ளம் இருந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு அந்த மாடல் வண்டிகளைத் தினமும் பார்க்கும் ஆளிடம், பெங்களூருக்கானாலும் சரி, லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

## அறிகுறி: புதுப் பேரிங் போட்டும் சில மாதத்தில் திரும்ப ஊளை

முதல் சந்தேகம் பூட்டிய விதத்தின் மேல்: தவறான வளையத்தில் அழுத்தியது, டார்க் போதாதது, பழைய நட்டு. அதற்கு அடுத்து போலிச் சரக்கு. டப்பாவின் பெயரை விடுங்கள், பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண் தெளிவாக இருக்கிறதா, பழையதன் எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பூட்டியதில் குறை இல்லை என்றால் ஓட்டும் இடத்தைப் பாருங்கள். கிரானைட் குவாரிப் பக்கத்துச் சாலைகளில் கல் தூசி மாவுபோல இருக்கும். அது தானாக சீலுக்குள் போகாது. வண்டியைக் கழுவும்போது பிரஷர் தண்ணீரை நேராக ஹப்பில் அடித்து நாம்தான் உள்ளே அனுப்புகிறோம். இன்னொன்று குழி. 35, 40 சீரிஸ் டயரில் (பக்கச்சுவர் உயரம் டயர் அகலத்தில் 35, 40 சதவீதம்) பக்கச்சுவர் நான்கு விரல் அகலத்தைத் தாண்டிக் கொஞ்சம்தான், அடியை அது வாங்காது. ரிம் வாங்கும், ரிம்முக்குப் பின்னால் பேரிங் வாங்கும். பெரிய குழியில் இறங்கிய ஒன்றிரண்டு மாதத்தில் அதே மூலை ஊளையிட ஆரம்பித்தால் ரிம் வளைந்திருக்கிறதா, ஹப் முகம் வளைந்திருக்கிறதா என்று டையல் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேரிங்கைத் தொட வேண்டும். வளைந்த ஹப்பில் எத்தனை புதுப் பேரிங் போட்டாலும் போகும்.

கடைசியாக ஸ்பேசர். பாலக்கோடு பக்கத்தில் இருந்து ஒரு தம்பி ஒரே வருடத்தில் பின் வலதுக்கு மூன்றாவது பேரிங் கேட்டு வந்தார். சக்கரத்தைக் கழற்றினேன். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் இருபது மில்லிமீட்டர் அலுமினியத் தட்டு, இரண்டு பக்கமும். சக்கரம் வெளியே தள்ளி நிற்பது அழகுதான். பாரமும் அதே இருபது மில்லிமீட்டர் வெளியே தள்ளி, பேரிங்கை ஒவ்வொரு திருப்பத்திலும் நெம்புகிறது. பேரிங்கை மாற்றி, ஸ்பேசர் இரண்டையும் டிக்கியில் போட்டுக் கொடுத்தேன். "லுக் போயிடுச்சுண்ணா" என்றார். மூன்றாவது பேரிங் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.